பெங்களூரில் ஃபின்ச் வளர்ப்பவர்களுக்கு: வீட்டிலேயே பாதுகாப்பாகத் தானியம் முளைகட்டுவது எப்படி?

ஜீப்ரா ஃபின்ச்சோ பெங்காலி ஃபின்ச்சோ, இந்தச் சின்னக் கூண்டுக் குருவிகளில் ஒரு ஜோடி உங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். காய்ந்த தினையை மட்டும் கொட்டி வைத்துக்கொண்டிருப்பீர்கள். "முளைகட்டிக் கொடுங்க, குருவி சும்மா பளபளன்னு ஆகிடும்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "அதையெல்லாம் கொடுக்காதீங்க, செத்துடும்" என்று இன்னொருவர் பயமுறுத்தியிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். சரியாக முளைகட்டிய தானியத்தைப் போல ஃபின்ச்சுக்கு நல்ல தீனி குறைவு. கெட்டுப்போன முளைத் தானியத்தைப் போல வேகமாகக் கொல்லும் தீனியும் குறைவு.

நான் தொடங்கியபோது தெளிவாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. கடையில் ஒரு கணக்கு, வீடியோவில் ஒரு கணக்கு. பாதிக்கு மேல் குளிர்தேசத்தில் இருப்பவர்கள் சொன்னவை. நம்ம ஊர் ஏப்ரல் வெயிலுக்கு அந்த மணிக்கணக்கு ஒத்துவராது. தட்டுத்தடுமாறி ஓர் ஒழுங்குக்கு வந்தபின் இதை எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சலைப் பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள விதை ஊறினால் முளைக்கும். உயிர் போன விதை ஊறினால் அழுகும். அழுகிய பத்து விதை பக்கத்தில் இருக்கும் ஆயிரம் நல்ல விதையையும் கெடுத்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் இரண்டே வேலைக்குத்தான்: செத்த விதையை வெளியேற்றுவது, தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது. ஜீப்ரா ஃபின்ச்சின் எடையே 12 முதல் 15 கிராம்தான். நமக்கு வயிற்றைக்கூடக் கலக்காத அளவுக் கிருமி அதற்குப் பெரிய சுமை.

1. முதலில் காகித வேலை

முளைகட்டுவதற்கு என்ன காகிதம் என்று கேட்பீர்கள். பறவைக்கு உடம்பு முடியாமல் போகும் அன்று இவைதான் உதவும்.

தானியம் வாங்கிய ரசீதை, அல்லது பாக்கெட்டில் பேக் செய்த தேதி இருக்கும் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையில் வாங்கினால் டப்பா மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, எங்கே வாங்கியது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் குறித்தால் போதும்: என்ன தானியம், எத்தனை மணிக்கு ஊறவைத்தது, எத்தனை மணிக்கு வடித்தது, எப்போது கொடுத்தது. கூண்டுக்குப் பக்கத்திலேயே நோட்டைத் தொங்கவிட்டால் வீட்டில் யார் தீனி வைத்தாலும் எழுதிவிடுவார்கள்.

பறவை வாங்கிய ரசீதையும் இதோடு வையுங்கள். நம் வயல்வெளிகளில் திரியும் சில்லை, முனியா வகைக் குருவிகளைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் யாராவது "லோக்கல் ஃபின்ச்" என்று மலிவாகக் காட்டினால் வாங்காதீர்கள். ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான். ஆனால் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ராவும் பெங்காலியும் அந்தப் பட்டியலில் இல்லை.

2. முளைக்கக்கூடிய விதையாகப் பார்த்து வாங்குவது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் அழகான பாக்கெட்டில் தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் கிடைக்கிறதே, அதையே வாங்கி ஊறவைக்கலாம் என்று தோன்றும். அவை உமி நீக்கிய அரிசி. உமியை நீக்கும்போதே முளைக்கும் பகுதி அடிபட்டுவிடுகிறது. ஊறவைத்தால் ஒரு நாளில் மாவாகக் குழைந்து, இரண்டாம் நாள் புளித்த வாடை வரும். உங்களுக்கு வேண்டியது உமியோடு இருக்கும் முழுத் தினை.

பெங்களூரில் கன்னடக் கடைகளில் கேட்பதற்கு இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: தினைக்கு நவணெ, சாமைக்கு ஸாமெ, பனிவரகுக்கு பரகு, கம்புக்கு ஸஜ்ஜெ, சோளத்துக்கு ஜோளா, பேயெள்ளுக்கு ஹுச்செள்ளு. வெறுமனே "நவணெ" என்று கேட்டால் நவணெ அக்கியை, அதாவது தினை அரிசியைத்தான் எடுத்துத் தருவார்கள். பறவைக்கு என்று சொல்லி, உமியோடு வேண்டும் என்று அழுத்திக் கேளுங்கள். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துப் பறவைத் தீனிக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். அதிகமாக வேண்டும் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து யஷ்வந்தபுரம் ஏபிஎம்சி யார்டில் (மொத்த விற்பனைச் சந்தையில்) விசாரிக்கலாம்.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் இந்தத் தொல்லை இல்லை. கதிரடிக்கும்போதே உமி கழன்றுவிடும் தானியங்கள் அவை. மளிகைக் கடையில் கிடைப்பதே முழு விதைதான், நன்றாக முளைக்கும். கர்நாடகத்தில் ராகிக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே முதல்முறை பழகுவதற்கு ராகியை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு, சீக்கிரம் முளைக்கும், கெட்டால் வாடை உடனே காட்டிக்கொடுக்கும். சில குருவிகள் ராகியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்போது தினைக்கு மாறலாம்.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. காரணத்தோடு சொல்கிறேன்.

விதைக் கடையில் விதைப்பதற்காக விற்கும் விதை வேண்டவே வேண்டாம். முளைப்புத் திறன் அதில்தான் அதிகம் என்பதால் ஆசை வரும். ஆனால் அதில் பூசணக்கொல்லி மருந்து கலந்திருக்கும். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் ஏறியிருப்பதே அதற்கு அடையாளம். கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

சோளம் முளைகட்டாதீர்கள். முளைவிடும் சோளத்தில் சயனைடை வெளியிடும் பொருள் உருவாகிறது. காய்ந்த சோளம் ஆபத்தில்லை, முளைதான் ஆபத்து. புறாவுக்கான கலவையை வாங்கி ஃபின்ச்சுக்கு ஊறவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அந்தக் கலவையில் பெரும்பாலும் சோளம் இருக்கும். ராஜ்மா, மொச்சை போன்றவற்றையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. பச்சைப்பயறு முளை கொடுக்கலாம், பொடிப்பொடியாக நறுக்கினால்தான் இந்தச் சின்ன அலகுக்கு எட்டும்.

கலவைப் பாக்கெட்டும் முளைகட்டச் சரிப்படாது. தினை முளைத்து வால் விட்டிருக்கும்போது கேனரி விதை (பறவைத் தீனியில் சேர்க்கும் ஒரு புல் விதை) அப்போதுதான் கண் திறந்திருக்கும். ஒன்றுக்காகக் காத்திருந்தால் இன்னொன்று முற்றிவிடும். தனித்தனியாக முளைகட்டி, கொடுக்கும்போது கலந்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பாருங்கள். மக்கல் வாடை, எண்ணெய்ச் சிக்கு வாடை, மருந்து வாடை எதுவும் இருக்கக் கூடாது. நூலாம்படை கட்டியிருந்தால் பூச்சி வந்து போயிருக்கிறது. "அண்ணா, இது முளைக்குமா?" என்று கேட்டால் "எல்லாம் முளைக்கும் சார்" என்றுதான் எல்லாக் கடையிலும் பதில் வரும். அதை நம்பி ஐந்து கிலோ வாங்காதீர்கள். கால் கிலோ வாங்கி அடுத்த படியைச் செய்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். நான் வாங்கும் இடங்களில் உமியோடு தினை கிலோ 80 முதல் 120 ரூபாய், ராகி 40 முதல் 60 ரூபாய். கேனரி விதை தினையைவிட மும்மடங்கு வரும். ஒரு ஜோடிக்கு முளைகட்ட மாதம் அரைக் கிலோகூடச் செலவாகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டு வராமல் இருக்க எந்த மாத்திரையும் உள்ளே போடாதீர்கள்.

3. முளைப்புச் சோதனை

இதற்கு ஒரு பைசா செலவில்லை. நூறு விதையை எண்ணி எடுங்கள். ஈரமான டிஷ்யூ பேப்பரில் பரப்பி, மேலே இன்னொரு ஈரப் பேப்பரை மூடி, தட்டு போட்டு வையுங்கள். காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் தேங்கவும் கூடாது. மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள்.

90-க்கு மேல் வந்தால் அருமையான விதை. 80-க்கு மேல் என்றால் பயன்படுத்தலாம், கழுவுவதில் கூடுதல் கவனம் வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த மூட்டையைக் காய்ந்த தீனியாக மட்டும் கொடுங்கள், முளைகட்ட எடுக்காதீர்கள். நூற்றில் முப்பது செத்தது என்றால், ஒவ்வொரு முறையும் முப்பது பங்கு அழுகலை ஊறவைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். ஒரே கடை, ஒரே தானியம் என்றாலும் செய்யுங்கள். போன மழைக்காலத்தில் நனைந்து காய்ந்த மூட்டையா என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

4. சாமான்கள்

பெரிய செலவு இல்லை. கண் நெருக்கமான ஸ்டீல் வடிகட்டி ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருப்பதாக வாங்குங்கள். டீ வடிகட்டி ரொம்பச் சின்னது, விதை குவிந்து காற்றோட்டம் இல்லாமல் போகும். வடிகட்டி உட்காரும் அளவுக்கு ஒரு கிண்ணம், மேலே மூட மெல்லிய மல் துணி, ஒரு அளவு ஸ்பூன். எல்லாம் சேர்த்து 300 ரூபாயில் முடிந்துவிடும்.

துணிக்குள் முடிந்து தொங்கவிடும் நம் வீட்டுப் பழக்கம் பயறுக்குச் சரி. தினைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தினை பொடி விதை. மூட்டையின் நடுவில் இறுகி, சூடேறி, நடுப்பகுதி மட்டும் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. பிளாஸ்டிக் டப்பாவும் கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி தங்கும். ஸ்டீலும் கண்ணாடியும்தான் நல்லது.

இந்தச் சாமான்களை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கூண்டுத் தட்டைக் கழுவும் இடத்தில் தானியத்தைக் கழுவக் கூடாது. கறி, மீன் நறுக்கும் மேடையில் வைக்கவும் கூடாது.

5. அலசுவதும் கிருமி நீக்குவதும்

முதல்முறைக்கு ஒரு ஜோடிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் காய்ந்த விதை போதும். கிண்ணத்தில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்குங்கள். பதரும் தூசியும் மிதக்கும். சாய்த்து ஊற்றிவிடுங்கள். அரிசி களைவதுபோல, தண்ணீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மிதக்கும் விதையில் சில நல்லதும் இருக்கும். போனால் போகட்டும்.

அடுத்தது கிருமி நீக்கம். மருந்துக் கடையில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கிடைக்கும். வாசனையோ சோப்போ கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. கலந்து, விதையை அதில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் குளோரின் வாடை துளியும் இல்லாத அளவுக்கு அலசுங்கள். இதைக் கூண்டு இருக்கும் அறையில் செய்யாதீர்கள், பறவையின் நுரையீரல் எந்தப் புகையையும் நெடியையும் தாங்காது. ஹைப்போகுளோரைட்டோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் ஆப்பிள் சிடர் வினிகர் ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு லிட்டரில் கலந்து பயன்படுத்துகிறார்கள். அதற்கு வீரியம் குறைவு. எந்த முறையானாலும் விதையின் வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமி முழுவதும் சாகாது. அதனால் இந்தப் படியைச் செய்துவிட்டோம் என்று அடுத்த படிகளில் தளர்ந்துவிடக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவிரித் தண்ணீர் வரும் வீடு என்றால் அலசுவதற்கு அதுவே போதும். டேங்கர், போர்வெல் தண்ணீர் என்றால் ஊறவைக்கவும் கடைசி அலசலுக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் எந்தத் தண்ணீர் எந்த மாதம் வருகிறது என்று செக்யூரிட்டியிடம் விசாரித்தால் சொல்வார். கோடையில் சத்தமில்லாமல் டேங்கருக்கு மாறியிருக்கும்.

6. ஊறவைப்பது

விதையைப் போல மூன்று மடங்கு தண்ணீர். குளிர்காலத்தில் 10 மணி நேரம், கோடையில் 6 முதல் 8 மணி நேரம். ராத்திரி 10 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்கு எடுத்தால் கணக்கு சரியாக வரும். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்ற முடிந்தால் மிகவும் நல்லது. தூங்கப் போவதற்கு முன் மாற்ற வசதியாக 8 மணிக்கே போடுபவர்களும் உண்டு.

12 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். தண்ணீருக்குள் விதைக்கு மூச்சுமுட்டும், நல்ல விதையும் செத்துவிடும். மேலே நுரை கட்டியிருந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிடுங்கள்.

நேரமே இல்லாதவர்கள் இந்தப் படியோடு நிறுத்தி, நன்றாக அலசி, முளைவிடாத ஊறிய தானியமாகவே கொடுக்கலாம். முளையின் சத்தில் ஒரு பகுதி இதிலும் கிடைக்கும். கெடுவதற்கான நேரமும் குறைவு. புதியவர்கள் முதல் ஒரு வாரம் இப்படியே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

7. வடித்து முளைகட்டுவது

காலையில் வடிகட்டியில் கொட்டி, குழாய்க்கு அடியில் பிடித்து நன்றாக அலசுங்கள். பிறகு வடிகட்டியைச் சாய்வாகப் பிடித்துத் தட்டுங்கள். அடியில் சொட்டுவது நிற்கும்வரை தட்டுங்கள். பலர் அவசரத்தில் இதை அரைகுறையாக விடுகிறார்கள். அடியில் தங்கும் அரை ஸ்பூன் தண்ணீர் போதும், மொத்தத்தையும் ஊசவைத்துவிடும். விதை ஒரு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்பி, கிண்ணத்தின் மேல் வடிகட்டியை வைத்து, ஈரத்துணியைப் பிழிந்து மேலே மூடுங்கள். வடிகட்டியின் அடி கிண்ணத்தைத் தொடக் கூடாது.

நேர் வெயில் படாத, காற்று வரும் இடம் வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலும் ஃபிரிட்ஜ் மேலேயும் வேண்டாம், இரண்டும் சூடு.

மார்ச் முதல் மே வரை பகல் வெப்பம் 33 டிகிரியைத் தாண்டும்போது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அலச வேண்டும். முளை ஒரே நாளில் வந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்குவதால் இரண்டு நாள்வரை ஆகும், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அலசினால் போதும். எனக்கு மிகவும் பயமான காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. வெயில் இல்லை, குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், பூசணத்துக்குக் கொண்டாட்டம். அந்த மாதங்களில் பாதி அளவு மட்டும் போடுங்கள், ஃபேன் காற்று லேசாகப் படும் இடத்தில் வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அலசிவிட்டுப் போனால் திரும்ப ராத்திரி 8 மணி ஆகிவிடும். சில்க் போர்டு ஜங்ஷனில் மாட்டினால் அதற்கும் மேல். கோடையில் அந்த இடைவெளி ஆபத்து. வீட்டில் ஆள் இல்லையென்றால், தண்ணீர் முழுவதும் வடிந்த வடிகட்டியை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வளர்ச்சி மெதுவாகும், சீக்கிரம் கெடாது. வந்ததும் அலசி வெளியே வையுங்கள்.

முளைவிட்ட இரண்டாம் நாள் பார்த்தால் வேரைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சுபோலச் சின்னச் சின்ன இழைகள் தெரியும். பூசணம் என்று பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது வேர்த்தூவி. ஒரு விதையைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வேர்த்தூவி வேரின் தண்டைச் சுற்றி மட்டும் ஒரே சீராக நிற்கும், தண்ணீரில் நனைத்தால் படிந்து மறைந்துவிடும். வாடை இருக்காது. பூசணம் அப்படியில்லை. அது விதையின் உமிமேல், முளைக்காத விதைமேல் திட்டாகத் தொடங்கி, ஒரு விதையிலிருந்து இன்னொன்றுக்கு வலை பின்னும். சாம்பல், பச்சை, கறுப்பு நிறம் தட்டும். தூக்கினால் நாலைந்து விதை ஒட்டிக்கொண்டு வரும். அலசினாலும் போகாது. இப்படி ஓரிடத்தில் பார்த்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுக்காதீர்கள். பூசண வித்துகள் பறவையின் காற்றுப்பைகளுக்குள் போனால் வரும் நோயைக் குணப்படுத்துவது மிகவும் கடினம்.

8. கொடுப்பதற்கு முன்

வெள்ளை முனை 1 முதல் 3 மி.மீ. எட்டிப்பார்க்கும்போதே கொடுத்துவிடுங்கள். நீளமாக வளரவிடுவதால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை, கெடுவதற்கு நேரம்தான் கூடும்.

கடைசி அலசலுக்குப் பின் ஒரு ஸ்பூன் எடுத்து மூக்கருகே கொண்டுபோங்கள். மழை பெய்த மண்ணையோ பச்சைப் புல்லையோ நினைவூட்டும் மெல்லிய வாசனை இருந்தால் சரி. புளிப்பு, ஊசல், முட்டைக்கோஸ் அழுகல் வாடை இருந்தால் வேண்டாம். விரலால் தேய்த்தால் ஒவ்வொரு விதையும் தனித்தனியாக உருள வேண்டும். கொழகொழப்பாக விரலில் வழுக்கினால் வேண்டாம். சளி பிடித்து மூக்கடைத்திருக்கும் நாளில் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் செடித் தொட்டியில் கொட்டிவிடுங்கள். இரண்டு ரூபாய் தானியத்துக்கு மேல் நஷ்டமில்லை.

கொடுக்கும் முன் சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

9. எவ்வளவு, எப்போது

தொடக்கத்தில் ஒரு ஜோடிக்கு அரை டீஸ்பூன், ஒருநாள் விட்டு ஒருநாள். பழகியபின் தினமும் ஒரு டீஸ்பூன். காலையில் கொடுங்கள், அப்போதுதான் பசியோடு உடனே சாப்பிடும். கோடையில் 2 மணி நேரத்திலும், மற்ற காலங்களில் 3, 4 மணி நேரத்திலும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வைத்துவிட்டு ஆபீஸ் போகும் நாட்களில் கொடுக்கவே வேண்டாம். சுத்தமான ஸ்டீல் அல்லது பீங்கான் கிண்ணத்தில், உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வராத இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் எச்சம் அதில் விழும்.

முதல் சில நாட்கள் குருவி கிட்டவே வராது. புதுசு எதையும் ஃபின்ச் சந்தேகமாகத்தான் பார்க்கும். முளைத்த தானியத்தின் மேல் ஒரு சிட்டிகை காய்ந்த தினையைத் தூவுங்கள். தினையைப் பொறுக்க வந்து ஈரமானதையும் கொத்திப் பார்க்கும். காய்ந்த தீனியை எடுத்துவிட்டுப் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியையும் தாங்காது.

இறகு உதிர்க்கும் காலத்திலும் குஞ்சு வளர்க்கும் காலத்திலும் இதன் அருமை தெரியும். ஜீப்ரா ஃபின்ச் முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அடைகாக்கத் தொடங்கிய அன்றே முளைகட்டும் சுழற்சியைத் தொடங்கிவிட்டால், குஞ்சு வரும் நேரத்தில் தாய் தந்தை இரண்டுக்கும் பழகியிருக்கும். குஞ்சு இருக்கும்போது காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை புதிதாகக் கொடுங்கள். நடுவில் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் அதற்கேற்ப ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், தினமும் முளைத் தானியம் கிடைத்தால் "நல்ல காலம் வந்துவிட்டது" என்று குருவி முட்டையிடத் தொடங்கும். இனப்பெருக்கம் வேண்டாம் என்றால் வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். முளை முழு உணவும் ஆகாது. காய்ந்த தானியக் கலவை, கீரை, கணவாய் ஓடு எல்லாம் வழக்கம்போல இருக்க வேண்டும்.

10. மிச்சத்தை வைப்பது

ஈரம் ஒற்றி எடுத்த முளையை, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்த ஸ்டீல் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம். டப்பா மேல் தேதியும் நேரமும் எழுதுங்கள். கொடுக்கும் முன் மறுபடி அலசி, மோந்து பார்த்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் கொடுங்கள். நீண்ட நேரம் கரண்ட் போன நாளில் உள்ளே இருந்ததைக் கொட்டிவிடுங்கள். தினமும் வேண்டுமானால் நிறையச் செய்து சேமிக்க வேண்டாம், இரண்டு வடிகட்டி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு முறை முடிந்ததும் வடிகட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் முழுவதும் காயவையுங்கள். துணியையும் கொதிக்கவைத்துக் காயவையுங்கள். முளையைத் தொட்டபின் உங்கள் கையையும் கழுவுங்கள், இதில் வரும் சால்மோனெல்லா கிருமி மனிதரையும் விடாது.

11. குருவிக்கு முடியவில்லை என்றால்

முளை சாப்பிட்ட அன்று எச்சம் கொஞ்சம் தண்ணீராக இருப்பது இயல்பு, அதில் நீர்ச்சத்து அதிகம். ஆனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்காருவது, பகலில் தூங்குவது, கூண்டின் தரையில் கிடப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருப்பது, இதில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள். ஃபின்ச் நோயைக் கடைசிவரை மறைக்கும். நம் கண்ணில் படும்போது சில மணி நேரம்தான் மிச்சம் இருக்கும்.

முளையை உடனே நிறுத்துங்கள். குருவியைத் தனிக் கூண்டில், 30 டிகிரி அளவுக்குக் கதகதப்பாக, அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரும் காய்ந்த தானியமும் குருவிக்கு எட்டும்படி, தரையிலேயே இருக்கட்டும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலக்காதீர்கள்.

பெங்களூரில் நாய், பூனைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோரும் பறவை பார்ப்பதில்லை. ஆகவே பறவை பார்ப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று இப்போதே போன் செய்து கேட்டு எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஹெப்பாளில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நேரத்தையும் விசாரித்து வையுங்கள். போகும்போது எச்சம் பட்ட காகிதம், முளைத் தானியத்தின் மாதிரி ஒரு டப்பாவில், அந்த நோட்டு, மூன்றையும் கொண்டுபோங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

குருவி தேறியபின் ஒரு வாரமாவது காய்ந்த தானியம் மட்டும் கொடுங்கள். பழைய மூட்டையிலிருந்து திரும்ப முளைகட்டுவதற்கு முன் நூறு விதைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 80-க்குக் கீழே வந்தால் புதிதாகக் கால் கிலோ வாங்கித் தொடங்குங்கள்.